மேனேஜர் ஹாலில் இருக்கிறார்

மெஷினக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய உள்ளங்கால்கள் மட்டுமே தெரிந்தன. மீதி ஆள் என் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். "சார், டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கமா பிடிங்க" என்று சுவரிலிருந்து குரல் வந்தது. பிடித்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் மெஷின் ஓடியது. அதே வாரம்தான் அவர் கணவரோடு எங்கள் கட்டடத்தின் முதல் மாடிக்குக் குடிவந்திருந்தார் என்பதும், நான் இரண்டாம் மாடியில் சரியாக அவர் தலைக்கு மேலே நடமாடுகிறவன் என்பதும் அதற்குப் பிறகு டீ குடிக்கும்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

அக்காவுக்கு வயது ஐம்பத்துநான்கு. என்னைவிட இருபத்துநான்கு வயது சிறியவர்தான். ஆனாலும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கு மட்டும் வேறு பெயர் எதற்கு என்று நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தேழு வருடம். அதற்கு முன் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஈரத் துணி உதறும் வேலை. அங்கே மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும். வந்தவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தவர்கள் பலர். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர். மூன்றாவது தடவை மெக்கானிக் வந்து சேர்ந்தபோது மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் முதலில் கோபித்துக்கொண்டாராம். பிறகு அவரே தான் வேலை பார்த்த சர்வீஸ் கடையில் சேர்த்துவிட்டாராம். இந்த இரண்டு 'ஆம்'களுக்கும் அக்காதான் பொறுப்பு. நான் நேரில் பார்க்கவில்லை.

நேரில் பார்த்தது ஒன்று உண்டு. எந்த வீட்டில் எந்த மெஷினை ஓடவிடுவதற்கு முன்னும் அவர் தோள்வரை கையை டிரம்முக்குள் விட்டு ஒரு சுற்றுத் துழாவுவார். பிறகு வெளித் தகட்டை இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருப்பார். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் பக்கத்துக் குளியலறையிலிருந்து, "இருக்கேன், இதோ வந்துடறேன்" என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

காரணம் வேலையில் சேர்ந்த முதல் வருடம் நடந்தது. ஒரு வீட்டில் மெஷினைச் சரிசெய்து, அங்கே கிடந்த துணியை வைத்துக் கதவை மூடி, பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஓடவில்லை. தன் வேலைதான் தப்பு என்று நினைத்துத் துணியை வெளியே எடுத்தால், மூன்றாவது துண்டுக்குள் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்கே கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான். "அன்னிக்கு கரண்ட் இருந்திருந்தா நான் இந்த வேலையில இருந்திருக்க மாட்டேன் சார்" என்று அக்கா சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பூனை உள்ள வீட்டுக்குப் போனால் மெஷின் வேலை முடிந்த பிறகு, "சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்" என்பார். அந்த சும்மா ஒரு பார்வைக்கு அரை மணி நேரம் ஆகும். தரையில் மண்டியிட்டு, பூனையின் கண் இருக்கும் உயரத்தில் தலையை வைத்துக்கொண்டு அறை அறையாகத் தவழ்வார். ஜன்னல் திரையின் கயிறு தொங்கினால் சுருட்டிக் கட்டுவார். பூஜாடியில் லில்லி இருந்தால், அதன் மகரந்தம் உடம்பில் பட்டுப் பூனை நக்கினால்கூட சிறுநீரகம் போய்விடும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேஜைமேல் வலி மாத்திரை கிடந்தால் திட்டே விழும். மனிதனின் தலைவலியைத் தீர்க்கிற அரை மாத்திரை பூனையின் உயிரையும் தீர்த்துவிடும். "மெஷினை ரிப்பேர் பண்ண ஒருத்தங்க வந்தாங்க, எங்க பூச்செண்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று கடைக்குப் புகார் போனது இதுவரை நான்கு முறை.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்கு நேர் எதிர்க் கதவு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தேழு வயது, தனி ஆள். தனி ஆள் என்றால் டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஏனென்றால் மேனேஜர் இருந்தார். மேனேஜர் என்பது சாம்பல் நிறப் பூனை. காலையில் எழுந்து வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் மேற்பார்வை பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல், பிறர் படிக்கவேண்டிய செய்தித்தாளின்மேல் படுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் நிமிடம் தவறாமல் வருவதால் டீச்சர் வைத்த பெயர். பதவிக்கு உரிய மரியாதையோடு அவர், வந்தார், போனார் என்றுதான் டீச்சர் பேசுவார்.

டீச்சருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. முதலில் வலது, சில மாதம் கழித்து இடது என்று மாற்று அறுவை செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் டீச்சரே தள்ளிப்போட்டார். பூனையை யாரிடம் விடுவது? மூன்றாவது முறை தேதி கிடைத்தபோது அவரால் மாடிப்படியில் ஒரு மூச்சில் நான்கு படிக்குமேல் ஏற முடியவில்லை. அக்காதான் அவரைப் படியில் உட்காரவைத்துப் பேசினார். நான் மேலே ஏற வழியில்லாமல் கீழே நின்றிருந்தேன்.

"பன்னிரண்டு நாள்தானே டீச்சர். என்கிட்ட விடுங்க. ஒரு முடி உதிராம திருப்பித் தரேன்."

"முடி உதிரும்மா. அதை யாராலயும் தடுக்க முடியாது."

"சரி, மத்ததெல்லாம் உதிராம."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "இந்தத் தடவை அவர் நல்லபடியா இருந்தார்னா இடது காலையும் பண்ணிக்கறேன். இல்லைன்னா ஒரு காலே போதும் எனக்கு."

ஆக, பூனையோடு சேர்த்து டீச்சரின் இடது காலும் அக்காவின் பொறுப்புக்கு வந்தது.

டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போகும் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், அக்கா தன் வீட்டையே ஆய்வு செய்தார். எழுத என்னைக் கூப்பிட்டார். முப்பத்தாறு வருடம் ஒரு நீர்த்தேக்கத்தில் தினமும் மும்முறை நீர்மட்டம் குறித்தவன் நான். எழுதச் சொன்னால் எழுதுவேன். மூன்று மணி இருபது நிமிடம் அவர் தவழ்ந்தார், நான் பின்னால் நோட்டோடு நடந்தேன். நாற்பத்துமூன்று இனங்கள் சேர்ந்தன. மற்றவர் வீட்டில் அத்தனை பார்த்தவரின் வீட்டில் இத்தனையா என்று கேட்டேன். "நம்ம முதுகு நமக்கு எங்க சார் தெரியுது?" என்றார்.

தையல் பெட்டி பூட்டுக்குப் போனது. நூலை விழுங்கினால் குடலைச் சுருக்கிவிடுமாம். ரப்பர் பாண்டு, முடி கட்டும் வளையம், காதுள்ள பிளாஸ்டிக் பை, வெளுப்புத் தண்ணீர் வாளி எல்லாம் அலமாரி ஏறின. ஜன்னலுக்கெல்லாம் வலை வந்தது. கழிப்பறை மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்று சுவரில் காகிதம் ஒட்டப்பட்டது. இருபத்தேழாவது இனத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரர் வாய் திறந்தார்.

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். விடிகாலை ஷிப்டு முடித்து மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், முதுகுவலிக்கென்று வாங்கிய சாய்வு நாற்காலியில் விழுவார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. இழுத்தால் கால்பலகை மேலே எழும், தள்ளினால் மடங்கும். மடங்கும்போது அடியில் பூனை படுத்திருந்தால் நசுங்கிவிடும் என்று அக்கா கைப்பிடியைக் கழற்றித் தன் கருவிப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

"அவன் வர்றான்னா நான் நேரா உட்காரணுமா?" என்றார் டிரைவர்.

"அவன் இவன்னு சொல்லாதீங்க. டீச்சர் காதுல விழப்போகுது."

"நாலு கால் இருந்தா 'அவர்'னு சொல்லணுமோ? நானும் இருபத்தஞ்சு வருஷமா ரெண்டு காலோட உன்கூட இருக்கேன். என் நாற்காலியைக் கழட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க."

"அதுக்காகத்தானே கேக்கறது?"

திங்கள் காலை 9.40க்கு மேனேஜர் கூடையில் வந்து சேர்ந்தார். சேர்ந்தது என்று எழுதியிருக்க வேண்டும், பழகிவிட்டது. கூடையைத் திறந்ததும் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டது. அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கடைக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்; மேனேஜரின் இருப்பிடத்தையும் அதைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதையும் மணி போட்டு நோட்டில் குறிக்கும் வேலையும் அன்றே என்னிடம் வந்திருந்தது.

"இன்னிக்கு லீவும்மா. மேனேஜர் நம்ம வீட்டுக்கு வந்திருக்கார்... ஆமா, காலையிலேயே வந்துட்டார். கட்டிலுக்கு அடியில போய் உட்கார்ந்துட்டார், வெளிய வரமாட்டேங்கறார். ஒண்ணும் சாப்பிடல. விட்டுட்டு எப்படி வர்றது, சொல்லு?"

மறுமுனையில் கடையில் போன் எடுக்கும் பெண். அவள் கேட்டதை அப்படியே ஒரு சீட்டில் எழுதி எதிரே தள்ளியிருக்கிறாள். அவளுக்கு எதிரே கடையின் மேனேஜர், முப்பத்தொரு வயதுப் பையன், வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து பில் சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த 'ஆம்' அவரே என்னிடம் சொன்னது. "எந்தக் கட்டில்னு கேளு" என்று அவர் எழுதிக் காட்டியிருக்கிறார்.

இதனால் கடை மேனேஜருக்குத் தன் பெயர்க்காரரைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. வியாழக்கிழமை பிற்பகல் 3.50க்கு, ஒரு மோட்டார் பாகத்தைக் கொடுக்கும் சாக்கில் அவரே வந்தார். டிரைவர் அவரை ஹாலில், சாயாத சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

அந்த நேரத்தில் அக்காவும் நானும் சமையலறையில் இருந்தோம். அன்று காலை பூனை அலமாரியின் அடிப்பலகையை மோந்து பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா கவனித்திருந்தார். தட்டிப் பார்த்தால் பலகை ஆடியது. பிடுங்கினால் பின்னால் ஒரு சந்து: உயரம் ஒன்பது சென்டிமீட்டர், அலமாரிகளுக்கு அடியில் ஓடி, கழிவுநீர்க் குழாயைத் தாண்டி, பிரிட்ஜின் பின்புறம்வரை போனது. மின்கம்பி வேறு. "நாற்பத்திநாலு" என்றார் அக்கா. டார்ச் அடித்துப் பார்த்தார், காலி. கருவிப்பெட்டியை எடுக்க பால்கனிக்குப் போனார். நான் சந்தின் அளவை எழுதிக்கொண்டு அங்கேயே நின்றேன். தலை குனிந்து எழுதிக்கொண்டு நின்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கா திரும்பி வந்து, பலகையைப் பொருத்தி, திருகு இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹால் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டார்: "ஏங்க, மேனேஜர் எங்க?"

"ஹால்லதான் உட்கார்ந்திருக்கார்" என்று பதில் வந்தது.

அக்கா பலகையை முடுக்கினார். எட்டுத் திருகு, ஒன்பது நிமிடம். வேலை முடிந்ததும் ஹாலுக்குப் போய், தன் மேனேஜரை அங்கே கண்டு வணக்கம் சொல்லி, மோட்டார் பாகத்தை வாங்கிக்கொண்டார். பூனையைப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். கட்டிலுக்கு அடியில் போயிருக்கும், புது ஆளுக்குக் கூச்சம் என்று அக்கா சொன்னார். 4.40க்கு அவர் கிளம்பினார்.

ஐந்து மணிக்கு அக்கா தட்டில் சாப்பாடு வைத்தார். ஐந்து ஒன்றுக்கு யாரும் வரவில்லை. ஐந்து மூன்றுக்கு அக்கா கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஐந்து பத்துக்கு நாற்பத்துநான்கு இனங்களையும் நோட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தோம். வாஷிங் மெஷின், அலமாரி, மெத்தை மடிப்பு, வாளி, ஜன்னல் வலை. எல்லா ஆபத்தும் பத்திரமாக இருந்தது. பூனைதான் இல்லை.

"வாசக்கதவு" என்றார் அக்கா. "சார் கிளம்பும்போது திறந்தோமே."

கடை மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், மேனேஜர் உங்க கூட வந்துட்டாரா?"

"அக்கா, நான் தனியாத்தான் வந்தேன், தனியாத்தான் போனேன்."

"பையில பாருங்க சார். வண்டிக்கு அடியில பாருங்க."

பார்த்தார். இல்லை. ஆனால் நல்ல பிள்ளை. பத்து நிமிடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு எங்கள் தெருவில் நின்ற ஒவ்வொரு காருக்கு அடியிலும் குனிந்து, "மேனேஜர்... மேனேஜர்..." என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். எதிரே வந்த ஒருவர், "என்ன தம்பி, மேனேஜர் காருக்கு அடியில என்ன பண்றார்?" என்று கேட்டார். "காணோம் சார்." "நீங்க யாரு?" "நான்தான் மேனேஜர்." கேட்டவர் நடையைக் கொஞ்சம் விரைவாக்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு எல்லோரும் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தோம். அக்கா டீச்சரைக் கடைசியாக உட்காரவைத்துப் பேசிய அதே படியில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளில் தெருப்புழுதி அப்பியிருந்தது.

"வலது கால்ல தையல்கூடப் பிரிக்கலையே சார்" என்றார். "இதைக் கேட்டா அந்தக் காலையே ஊன்றாம வந்துடுவாங்க. இடது காலுக்கு இனி எங்க போகப்போறாங்க?"

எனக்குத் தெரிந்த ஒரே உதவி, நோட்டைத் திறந்து முதலிலிருந்து படிப்பது. படித்தேன். 4.20ல் வந்து நின்றேன். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுதுவது என் வழக்கம். திருத்தி எழுதினால் அது என் கூற்றாகிவிடும். 'மேனேஜர் எங்கே என்று அக்கா கேட்டார். "ஹால்லதான் உட்கார்ந்திருக்கார்" என்று டிரைவர் கூறினார்.' அதற்குப் பக்கத்தில், பூனை இருப்பிடம் என்ற கட்டத்தில், ஹால் என்று எழுதி சரிக்குறியும் போட்டிருந்தேன்.

இரண்டாவது முறை படித்தபோதுதான் உறைத்தது. திங்கள் முதல் வியாழன்வரை அந்த நோட்டில் டிரைவர் பூனையைப் பற்றிப் பேசியது பதினேழு இடம். பதினேழு இடத்திலும் 'அவன்'. வந்தான், தின்னான், என் நாற்காலியில படுத்திருக்கான். இந்த ஓர் இடத்தில் மட்டும் 'இருக்கார்'.

"டிரைவர் சார்" என்றேன். "நாலு இருபதுக்கு ஹாலில் உட்கார்ந்திருக்கார்னு சொன்னீங்களே, யாரு?"

"யாருன்னா? இவர்தான்" என்று டிரைவர் கடை மேனேஜரைக் காட்டினார். "டீ குடிச்சிட்டிருந்தாரே."

"பூனையைச் சொல்லலையா?"

"அவனுக்கு எதுக்கு நான் 'இருக்கார்' போடறேன்?"

அக்கா எழுந்து நின்றதை நான் பார்க்கவில்லை. நாங்கள் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார். பிரிட்ஜின் இரைச்சல்தான் கேட்டது. வாஷிங் மெஷினின் பின்தகட்டை இரண்டு நிமிடத்தில் கழற்றுகிறவர், அன்று முதல் திருகிலேயே இரண்டு முறை கை நழுவவிட்டார். "ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் தட்டிப் பாத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "என் வீட்டுப் பலகையைத் தட்டல." டிரைவர் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் பிடித்தார்.

7.25க்குப் பலகை வந்தது. வெளிச்சம் குழாயைத் தாண்டிப் போயிற்று. பிரிட்ஜ் மோட்டாரின் வெதுவெதுப்பில், தூசி படிந்து சாம்பலுக்குமேல் சாம்பலாக, மேனேஜர் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்து, எங்கள் நான்கு பேரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"நல்லா இருக்கானே" என்றார் டிரைவர். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

வெளியே வரவைக்க மேலும் இருபத்தாறு நிமிடம் ஆனது. வந்ததும் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் ஏறி, அங்கே உட்கார்ந்திருந்த கடை மேனேஜரின் வெள்ளைச் சட்டையை முகர்ந்து பார்த்தது. அவர் அசையாமல் இருந்தார். உயர் அதிகாரி முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்ததாகப் பிறகு சொன்னார்.

மீதி நாட்களில் ஒரு குறையும் இல்லை. அடைபட்டிருந்த நேரத்தை மட்டும் அக்காவால் மறக்க முடியவில்லை. டீச்சர் வருவதற்கு முந்தைய நாள் டிரைவர் வழி சொன்னார்.

"டீச்சர் கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நீயா எதுக்கு வாயைக் குடுக்கறே? அவங்க நல்லதுக்குத்தானே. இடது காலும் முடியட்டும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "சார், அந்த வியாழக்கிழமைப் பக்கம்..."

"பக்க எண் போட்டிருக்கேம்மா."

"உங்க நோட்டுல அது இல்லாம இருக்குமா?" என்று பெருமூச்சு விட்டார். நோட்டை அவரிடம் கொடுத்தேன். டீச்சரிடம் காட்டுகிறதா வேண்டாமா என்பது அவர் பாடு. அவர் அதைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை 11.10க்கு டீச்சர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பதினெட்டுப் படியையும் நின்று நின்று ஏறினார். டிரைவர் பின்னால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்தார். முதல் மாடியில் அக்கா கூடையோடு நின்றிருந்தார். வழியை மறித்து நின்றிருந்தார் என்பதுதான் சரி.

"டீச்சர், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." பலகை, திருகு, ஹால், கடை மேனேஜர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "நான்தான் அடைச்சேன். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

சரிக்குறி போட்டவன் நான் என்று சொன்னேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கூடைக்குள்ளே பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?"

"மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம்" என்றேன்.

"உள்ள என்ன பண்ணினார்?"

"தூங்கினார்" என்றார் அக்கா.

டீச்சரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து டிரைவர் நாற்காலியைத் தள்ளினார். வாக்கரும் சேர்ந்து கடகடத்தபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கா இப்படி வேர்த்து நிக்கறே? நான் ஒரு தடவை அவரை பிரிட்ஜுக்குள்ள வச்சு மூடிட்டேம்மா."

அக்கா கையை விடுவித்துக்கொண்டார். "என்ன டீச்சர் சொல்றீங்க?"

"தக்காளி எடுக்கத் திறந்தேன். கீழ்த்தட்டுல ஏறிட்டார் போல. கவனிக்காம மூடிட்டு செய்தி கேக்கப் போயிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் யாரு குறிச்சு வச்சா? செய்தி முடியறவரைக்கும்."

"வானிலையும் சேர்த்தா?"

"வானிலையும் சேர்த்துதான்." டீச்சருக்கு மனம் லேசாகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. "ஒரு தடவை மெழுகுவர்த்தியில வாலைக் காட்டிட்டார். லேசாத்தான் தீஞ்சுது, முன்னைக்கு இப்ப அடர்த்தியா வளந்திருக்கு. அப்புறம் கம்பளி நூல். ஒரு முழம் உள்ள போயிடுச்சு. டாக்டர்தான் எடுத்தார். பால்கனியிலேர்ந்து கீழ் வீட்டு ஷெட்டு மேல விழுந்தது ரெண்டு தடவையா, மூணு தடவையா..."

அக்கா கூடையைத் தரையிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். முகத்தில் இத்தனை நாள் இருந்த குற்ற உணர்வு துடைத்துவிட்டது போல் போய்விட்டிருந்தது. அந்த இடத்துக்கு வந்தது வேறு.

"டீச்சர், சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"வீட்டைப் பாக்காம இவரை உள்ள விடமாட்டேன்."

"என் பூனைம்மா."

"உங்க பூனைதான். நான் இல்லைன்னு சொல்லல. சாவி."

டீச்சர் டிரைவரைப் பார்த்தார்.

"குடுத்துடுங்க டீச்சர்" என்றார் டிரைவர். "உள்ள கைப்பிடி வச்ச எந்தப் பொருள் இருந்தாலும் ஆசை தீர இப்பவே ஒரு தடவை தொட்டுக்குங்க."

சாவி கைமாறியது. கூடை டீச்சரின் மடிக்கு, நல்ல கால் பக்கமாக, வந்தது. அக்கா கதவைத் திறந்து, வாசலிலேயே மண்டியிட்டு, உள்ளே தவழ்ந்து போனார். புது நோட்டு ஒன்று கொண்டுவர நான் மேலே போய்த் திரும்பினேன். அதற்குள் உள்ளிருந்து, "சார், ஏழு" என்று எண்ணிக்கை வந்துவிட்டது.

டீச்சர் சற்று நேரம் கூடையின் கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் இடது காலுக்குத் தேதி கேட்டதற்கு, வீட்டுக்குப் போய் ஒரு விஷயம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாராம்.

"நான்தான் பேசறேன், காலையில கிளம்பினேனே... ஆமா, வலது கால். படியேறிட்டேன். தேதி போட்டுடுங்க... பாத்துக்க ஆள் இருக்காங்க. சொந்தம் இல்ல, எதிர் வீடு... என்னையா? நான் பூனையைச் சொல்றேன்... நல்லாப் பாத்துப்பாங்க. கொஞ்சம் கண்டிப்பு. என்கிட்டயே இன்னும் திருப்பிக் குடுக்கல."

உள்ளே ஏதோ கனமான ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது.

"அந்தச் சத்தமா?" என்றார் டீச்சர் போனில். "பிரிட்ஜ். நகர்த்தறாங்க. நீங்க தேதியைச் சொல்லுங்க, இங்க எழுதிக்க ஒருத்தர் நிக்கறார்."